நீதிமன்றத்தை நம்பலாமா?

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள், இளைஞர் அரங்கில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓட்டுச் சாவடியில் மாலை நேரப் பாடசாலையாகத் தொடங்கிய நம் கழகம், இன்று சொந்தக் கட்டடமும் நூலகமும் உடையதாய் வளர்ந்து வெள்ளி விழாக் காண்கிறது. இவ்விழாவில் 'கல்வியும் சமூக முன்னேற்றமும்' என்னும் பொருளில் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்தனர். அப்பொருளை விட்டு நாம் விலகப் போவதில்லை. ஆயினும், அண்மையில் நம் நூலகத்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி, அப்பொருளை வேறொரு வாயில் வழியே அணுகுமாறு செய்துவிட்டது.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, விசைத்தறித் தொழிலாளி ஒருவர் கையில் மடித்த தாளுடன் நூலகத்திற்கு வந்தார். ஊர்த் தெருவில் இருசக்கர வண்டியை விட்டு இறங்காமல் சென்றதற்காக அவர் மகனைச் சிலர் வழிமறித்து அடித்திருக்கின்றனர். சாதிப் பெயரையும் சொல்லியிருக்கின்றனர். "காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கலாமா, வேண்டாமா?" என்பதே அவர் கேட்ட கேள்வி. அங்கே நாளிதழ் படித்துக்கொண்டிருந்த நம் இளைஞர் ஒருவர், "எதற்கு அய்யா வீண் வேலை? அரசு வழக்கறிஞரும் அவர்கள் ஆள், நீதிபதியும் அவர்கள் ஆள்" என்றார். உடனிருந்தோரும் ஆம் என்றனர். அப்பெரியவர் தாளை மீண்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் கூறாமல் எழுந்து சென்றார்.

அந்த இளைஞர் பட்டதாரி. நம் கழகத்தின் உதவித் தொகையில் படித்தவர். அவர் மீது நமக்குச் சினம் இல்லை. ஆனால், கல்வி நமக்குத் தந்தது இந்த ஒரு வாக்கியம்தானா என்னும் கேள்வி அன்றிரவு நம்மை உறங்க விடவில்லை. அக்கேள்விக்கு விடை தேடுவதே இவ்வுரையின் நோக்கம்.

ஐயம் வீணில் பிறந்ததன்று

நம் மக்கள் நீதிமன்றத்தை ஐயுறுவது அறியாமையினால் அன்று, பட்ட அனுபவத்தினால். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்து கரியாயின. நாகப்பட்டினம் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களுக்குத் தண்டனை விதித்தது. 1973-இல் உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. அத்துணைப் பெரிய நிலக்கிழார்கள் தாமே நேரில் நடந்து வந்து தீ வைத்திருப்பர் என்பதை நம்புவது கடினம் என்ற கருத்தும் அத்தீர்ப்பில் இடம் பெற்றது. செல்வம் உடையவன் தன் கையால் குற்றம் செய்ய மாட்டான் என்பது ஒரு சான்றாகக் கொள்ளப்படுமானால், கூலி உழைப்பாளி எந்த நீதிமன்றத்தை நம்புவான்?

விருத்தாசலத்திற்கு அருகில் 2003-இல் முருகேசன், கண்ணகி என்னும் இளந்தம்பதியர் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டனர். கடலூர் நீதிமன்றத்தின் தீர்ப்பு 2021-இல் வந்தது. இடையில் கழிந்தவை 18 ஆண்டுகள். உச்ச நீதிமன்றம் அத்தண்டனைகளை உறுதி செய்தது 2025-இல். நீதி வந்தது உண்மை. ஆனால் அவ்வழக்கு தொடங்கியபோது தொட்டிலில் கிடந்த குழந்தை, அது முடிந்தபோது வாக்குரிமை பெற்றுவிட்டது.

உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச்சில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்ட வழக்கில், 2017-இல் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020-இல் உயர் நீதிமன்றம் முதல் எதிரியை விடுதலை செய்து, ஐவரின் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. அன்று நம் தெருக்களில் எழுந்த பேச்செல்லாம் "விலை போய்விட்டது" என்பதே. சதி செய்தார் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று அத்தீர்ப்பு கூறுகிறது. அக்காரணம் சரியா, தவறா என்று வாதிட நமக்கு உரிமை உண்டு. ஆனால், தீர்ப்பைப் படித்தவர் எத்தனை பேர் என்று கேட்டால் நம்மில் பலர் தலை குனிய வேண்டியிருக்கும்.

திருச்செங்கோட்டு மலையில் நிகழ்ந்தது

தொலைவில் உள்ளவற்றை விடுத்து நம் மண்ணுக்கே வருவோம். 2015 ஜூன் 23 அன்று, ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், உடன் படித்த தோழியுடன் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குச் சென்றார். அங்கிருந்து அவரைச் சிலர் அழைத்துச் சென்றனர். மறுநாள் பள்ளிபாளையம் அருகே இருப்புப் பாதையில் அவர் உடல் கிடந்தது. தற்கொலைக் குறிப்பு ஒன்றும் உடலோடு இருந்தது. முதலில் அது கொலை வழக்காகப் பதிவாகவில்லை. ஆண் பாதி பெண் பாதி என்று ஒன்றாய் நிற்கும் இறைவன் கோயிலில், ஓர் ஆணும் பெண்ணும் பேசிக்கொண்டிருந்தது ஓர் உயிருக்கு உலையாயிற்று.

இவ்வழக்கில் முதல் எதிரியாகச் சேர்க்கப்பட்டவர் சாதி அமைப்பு ஒன்றின் தலைவரான யுவராஜ். அவர் மூன்று மாதங்களுக்கு மேல் தலைமறைவாக இருந்தார். இருந்த காலத்தில் அவர் குரல் மட்டும் மறையவில்லை. கைப்பேசி தோறும் ஒலித்தது. வழக்கை விசாரித்து வந்த திருச்செங்கோடு காவல் துணைக் கண்காணிப்பாளர் விஷ்ணுபிரியா 2015 செப்டம்பர் 18 அன்று உயிரிழந்தது மக்களின் அச்சத்தை இரு மடங்காக்கியது. அவர் மரணத்தை மத்தியப் புலனாய்வுத் துறை தனியே விசாரிக்க நேர்ந்தது. கொலை வழக்கு குற்றப் பிரிவு குற்றப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. அக்டோபரில் நாமக்கல்லில் யுவராஜ் சரணடைந்தபோது ஆதரவாளர் கூட்டம் திரண்டிருந்தது.

அந்நாட்களை நினைவிற் கொள்ளுங்கள். இங்குள்ள தேநீர்க் கடைகளில் ஒரு கடையில் "வழக்கு நிற்காது" என்றனர். அடுத்த கடையில் "பொய் வழக்கு" என்றனர். இரு சாராருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே: நீதிமன்றம் தன் வேலையைச் செய்யும் என்று எவரும் நம்பவில்லை.

2018-இல் நாமக்கல் நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியது. அஞ்சியவாறே நடந்தது. சாட்சிகள் பலர் பிறழ்ந்தனர். கோயிலில் உடனிருந்த தோழியே, நீதித்துறை நடுவரிடம் முன்னர்க் கொடுத்த வாக்குமூலத்திற்கு மாறாகச் சாட்சியம் அளித்தார். அந்தப் பெண்ணை நாம் ஏசுவதற்கில்லை. அவர் வாழ்ந்த சூழலில் நம் வீட்டுப் பெண் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று எண்ணிப் பார்த்த பின்னரே எவரும் வாய் திறக்க வேண்டும்.

அந்நிலையில் கோகுல்ராஜின் தாயார்க்கு இரு வழிகள் இருந்தன. "எல்லாரும் அவர்கள் ஆட்கள்" என்று கூறி வீட்டில் அமர்ந்து அழுவது ஒன்று. அவ்வாறு அவர் அழுதிருந்தால் அவரை யார் குறை கூறுவர்? ஆனால் அவர் மற்றொரு வழியைத் தேர்ந்தார். தம் ஐயத்தை எழுதினார். வழக்கை நடத்தும் அரசு வழக்கறிஞரை மாற்ற வேண்டும் என்றும், விசாரணையை வேற்றூர் நீதிமன்றத்திற்கு மாற்ற வேண்டும் என்றும் மனுச் செய்தார். 2019-இல் உயர் நீதிமன்ற உத்தரவினால் வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரையிலுள்ள சிறப்பு நீதிமன்றத்திற்குச் சென்றது. வழக்கறிஞர் ப. பா. மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞராக நின்று வழக்கை நடத்தினார்.

2022 மார்ச் 5 அன்று மதுரை சிறப்பு நீதிமன்றம், விசாரிக்கப்பட்ட 15 பேரில் 10 பேரைக் குற்றவாளிகள் என்றும் ஐவரை நிரபராதிகள் என்றும் தீர்ப்பளித்தது. மார்ச் 8 அன்று யுவராஜுக்கு, வாழ்நாள் இறுதி வரை சிறையில் இருக்குமாறு மூன்று ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன. பிறழ்ந்த சாட்சிகள் விட்டுச் சென்ற இடத்தைக் கோயிலின் கண்காணிப்புப் படக்கருவியில் பதிவான காட்சிகள் நிரப்பின.

மேல்முறையீட்டை நீதியரசர்கள் எம். எஸ். ரமேஷ், என். ஆனந்த் வெங்கடேஷ் ஆகியோர் விசாரித்தனர். 2022 நவம்பரில் அத்தோழியைத் தாமே மீண்டும் வரவழைத்து விசாரித்தனர். 2023 சனவரியில் அவ்விருவரும் திருச்செங்கோட்டு மலைக் கோயிலுக்கும், உடல் கிடந்த இருப்புப் பாதைக்கும் நேரில் வந்து பார்த்தனர். எங்கே படக்கருவி இருந்தது, எந்த வாயில் வழியாக யார் வந்திருக்கக் கூடும் என்பதைத் தம் கண்ணாலேயே அறிந்தனர். 2023 ஜூன் 2 அன்று யுவராஜ் உள்ளிட்ட எண்மரின் தண்டனையை உறுதி செய்தனர். இருவரின் ஆயுள் தண்டனையை ஐந்தாண்டுகளாகக் குறைத்தனர். ஐவரின் விடுதலையில் தலையிடவில்லை. ஒவ்வொருவர்க்கும் எதிராக என்ன சான்று உண்டு என்று தனித்தனியே எடைபோட்ட தீர்ப்பு அது.

இளைஞர்களே! இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குங்கள். நாமக்கல்லில் வழக்கு நடந்தபோதும் சட்டம் அதேதான். மதுரையில் நடந்தபோதும் சட்டம் அதேதான். கோயிலின் படப் பதிவும் அதேதான். மாறியவை நீதிமன்றமும் வழக்கறிஞரும். மாற்றியது ஒரு தாயின் ஐயம். அந்த ஐயம் நூலகத்தில் உட்கார்ந்து பேசியதன்று. தாளில் எழுதிக் கையொப்பமிட்டது.

கண்ணகி கொண்டு சென்றது

மதுரை என்றதும் தமிழாசிரியர்கள் எவரும் சிலம்பை நினையாமல் இருக்க இயலாது. கண்ணகி விண்ணேறிய குன்றம் திருச்செங்கோடே என்று கூறுவாரும் உண்டு. அஃது எவ்வாறாயினும், அக்கதையில் நாம் மேடை தோறும் முழங்குவது மதுரையை எரித்த தீயை மட்டுமே. தீக்கு முன் நடந்ததை மறந்துவிடுகிறோம்.

பாண்டியன் தீயவன் அல்லன். பொற்கொல்லன் சொல்லை ஆராயாமல் நம்பினான். குற்றம் சாட்டப்பட்டவனை விசாரிக்காமல் தண்டித்தான். கண்ணகி அவன் முன் நின்றபோது வெறுங்கையோடு நிற்கவில்லை. இணைச் சிலம்பைச் சான்றாகக் கொண்டு சென்றாள். அரசியின் சிலம்பில் உள்ளது முத்து, தன் சிலம்பில் உள்ளது மாணிக்கம் என்னும் வேறுபாடு அவளுக்குத் தெரிந்திருந்தது. உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்த பின்னரே அரசன் வீழ்ந்தான். சான்றில்லாத சினம் அரண்மனை வாயிலோடு நின்றிருக்கும்.

அரசு வழக்கறிஞர் யார்?

நம்மில் பலர், அரசு வழக்கறிஞர் என்பவர் பாதிக்கப்பட்டோரின் வழக்கறிஞர் என்று எண்ணுகிறோம். அவர் அரசின் வழக்கறிஞர். காவல் துறை சேகரித்துக் கொடுத்த தாள்களைக் கொண்டே அவர் வழக்கை நடத்த வேண்டும். முதல் தகவல் அறிக்கையில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்திய செய்தி இல்லையேல், அவர் அதைப் பின்னர் உண்டாக்க இயலாது. காயத்திற்கு மருத்துவமனைப் பதிவு இல்லையேல், அவர் வாய்ச் சொல் காயமாகாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான வழக்கை விசாரிக்கும் அதிகாரி துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவராக இருத்தல் வேண்டும் என்பது 1995-ஆம் ஆண்டு விதி. அவ்விதி மீறப்பட்டதாலேயே சரிந்த வழக்குகள் உண்டு. இரு தரப்பினரின் சாதிச் சான்றிதழ்களைக் கோப்பில் சேர்க்காத ஒரே காரணத்தால் அச்சட்டப் பிரிவுகள் உதிர்ந்த வழக்குகளும் உண்டு. நீதிபதியும் அவ்வாறே. அவர் முன் வைக்கப்படாத ஒன்றை அவர் நெஞ்சறிந்தாலும் எழுத இயலாது.

ஆகவே, ஒரு வழக்குத் தோற்கும் இடம் பெரும்பாலும் தீர்ப்பு நாள் அன்று. புகார் எழுதும் முதல் நாள். அந்த முதல் நாளில் நம் படித்த இளைஞர் ஒருவர் அப்புகார்தாரர் அருகில் இருந்தாரா என்பதே கேள்வி.

இதனால் வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் குற்றமற்றவர் என்று நாம் நற்சான்று வழங்கவில்லை. அசட்டையாளர் உண்டு, சாதிப் பற்றுடையோர் உண்டு, அஞ்சுவோரும் உண்டு. அவர்கள் உண்டு என்பதை அறிந்தே சட்டம் நமக்குச் சில படைக்கலங்களைத் தந்திருக்கிறது. அவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம், குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: பாதிக்கப்பட்டோர் விரும்பினால், மாவட்ட ஆட்சியர் தகுதி வாய்ந்த மூத்த வழக்கறிஞரை அவ்வழக்குக்கென அமர்த்தலாம். 1995-ஆம் ஆண்டு விதிகளில் நான்காம் விதி இதனைக் கூறுகிறது. சிறப்பு அரசு வழக்கறிஞர்களின் பணியை ஆண்டுக்கு இருமுறை, சனவரியிலும் சூலையிலும் ஆய்வு செய்தல் வேண்டும் என்பதும் அவ்விதியே.

இரண்டு: 2016 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, 15-அ பிரிவு பாதிக்கப்பட்டோர்க்கும் சாட்சிகளுக்கும் உரிமைகளை வகுத்துள்ளது. எதிரி பிணையில் செல்லும் விசாரணை உட்பட ஒவ்வொரு நடவடிக்கை பற்றியும் நமக்கு முன்னறிவிப்பு வர வேண்டும். நம் கருத்தை நீதிமன்றம் கேட்க வேண்டும். இது வெறும் சடங்கன்று, கட்டாயம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. சாட்சிகளுக்குப் பயணச் செலவும் உண்டு. நம்மைப் போன்ற அமைப்புகளின் துணையைப் பெறும் உரிமையும் அதே பிரிவில் உண்டு.

மூன்று: அச்சுறுத்தப்படும் சாட்சி பாதுகாப்புக் கேட்கலாம். 2018-ஆம் ஆண்டுச் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் சட்டமாக்கியது.

நான்கு: கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியர்க்கு ஆறு திங்கள் முதல் ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க நான்காம் பிரிவு இடமளிக்கிறது.

ஐந்து: உள்ளூரில் நேர்மையான விசாரணை நடவாது என்று அஞ்சுவதற்குக் காரணம் இருப்பின், வழக்கை வேற்றூருக்கு மாற்றுமாறு உயர் நீதிமன்றத்தை வேண்டலாம்.

இந்த ஐந்தாவதற்கு நம் சேலமே சான்று. 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தோரும் கொல்லப்பட்ட வழக்கு, மதுரை மாவட்டத்திலிருந்து இங்குள்ள சேலம் நீதிமன்றத்திற்கு வந்தது. 2001-இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது நம் ஊர் நீதிமன்றமே. 2006-இல் உயர் நீதிமன்றமும் 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தன. மதுரைப் பக்கத்து நீதி சேலத்திலும், சேலத்துப் பக்கத்து நீதி மதுரையிலும் கிட்டியிருக்கிறது. எந்த ஊரும் நீதியுடையது என்றோ நீதியற்றது என்றோ இல்லை. ஆதிக்கத்தின் நிழல் எட்டாத தொலைவு வேண்டியிருக்கிறது, அவ்வளவே. தீர்ப்போடு விழிப்பு முடிவதில்லை என்பதற்கும் அதே வழக்கு சான்றாகும். அப்பதினேழு பேரில் மூவர் 2008-இலும், 13 பேர் 2019-இலும் அரசாணையால் முன்கூட்டியே விடுதலை செய்யப்பட்டனர்.

பிற நாட்டிலும்

இது நம் நாட்டின் நோய் மட்டுமன்று. 1993-இல் இலண்டன் மாநகரில் ஸ்டீபன் லாரன்ஸ் என்னும் கறுப்பின மாணவன், பேருந்துக்காகக் காத்திருந்தபோது குத்திக் கொல்லப்பட்டான். காவல் துறை அசட்டையாக இருந்தது, வழக்கு முறிந்தது. அவன் பெற்றோர் ஓயவில்லை. 1999-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை, காவல் துறையில் நிறவெறி ஊறியிருப்பதை வெளிப்படையாகக் கூறிற்று. ஒருமுறை விடுதலையானவரை மீண்டும் விசாரிக்க இயலாது என்றிருந்த பழைய சட்டமே திருத்தப்பட்டது. 2012-இல் இருவர் தண்டிக்கப்பட்டனர். அங்கும் 18 ஆண்டுகள். அங்கும் விடாது நின்றவள் ஒரு தாய்.

பாபாசாகேப் அம்பேத்கர் 1927-இல் மகாடு குளத்தில் நீர் அருந்தியதை நாம் அனைவரும் அறிவோம். அதன் பின் எதிர்த் தரப்பினர் தொடுத்த வழக்கு பத்தாண்டுகள் நடந்து, 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் முடிந்தது என்பதை நம்மில் எத்துணைப் பேர் அறிவோம்? குளத்தில் இறங்க ஒரு நாள் துணிவு போதும். நீதிமன்றப் படியில் நிற்கப் பத்தாண்டுப் பொறுமை வேண்டும். அந்த நீதிமன்றங்களில் அமர்ந்திருந்தோர் தம் மக்கள் அல்லர் என்பதை அவர் அறியாதவரா? அறிந்தே வாதாடினார், வென்றார்.

நம் பங்கு

இதுவரை பிறரைப் பற்றிப் பேசினோம். இனி நம்மைப் பற்றியும் கூற வேண்டும். கூறாவிடில் இவ்வுரை பொய்யாகும்.

1998-ஆம் ஆண்டு, நாம் ஆசிரியப் பணியில் சேர்ந்த தொடக்கக் காலம். பத்தாம் வகுப்பில் படித்த நம் சமூகத்து மாணவன் ஒருவன், காலை வழிபாட்டு நேரத்தில் கிழிந்த சட்டையுடன் வந்தான். கடைப் பலகையில் சமமாக அமர்ந்தான் என்று அடித்திருக்கின்றனர். நெற்றியில் காயம். குழாயடியில் அவன் காயத்தைக் கழுவியவர் நாமே. அடித்தவர் பெயர்களை அவன் நம்மிடம் வரிசையாகச் சொன்னான். அவன் தந்தை துணிந்து வழக்குத் தொடுத்தார். மூன்றாண்டுகளுக்குப் பின் நமக்கு நீதிமன்ற அழைப்பு வந்தது.

அரசு வழக்கறிஞர் நம்மைச் சந்தித்தது நீதிமன்றத் தாழ்வாரத்தில், ஐந்து நிமிடம். "நீங்கள் எந்த வழக்கு?" என்றுதான் தொடங்கினார். அது அவர் குறை. கூண்டில் ஏறிய பின் நடந்தது நம் குறை. அப்பள்ளி இருந்த ஊரிலேயே நாம் வாடகைக்குக் குடியிருந்தோம். முந்தைய நாள் வீட்டுக்கு வந்த இருவர், "வாத்தியார் நல்லவர், வம்புக்குப் போக மாட்டார்" என்று புகழ்ந்துவிட்டுச் சென்றிருந்தனர். நீதிபதி முன், "காயத்தைப் பார்த்தேன், யார் அடித்தார் என்று பையன் சொன்னது நினைவில்லை" என்றோம். நினைவில் இருந்தது. இன்றும் அப்பெயர்கள் நினைவில் உள்ளன.

எதிரிகள் அனைவரும் விடுதலையாயினர். அன்று மாலை பேருந்து நிலையத்தில், அரசு வழக்கறிஞர் சரியில்லை, நீதிபதி சரியில்லை என்று உரத்துப் பேசியவர்களுள் நாமும் ஒருவர். அச்சிறுவனின் தந்தை ஒன்றும் பேசவில்லை. நமக்கும் சேர்த்துத் தேநீருக்கு அவர்தாம் காசு கொடுத்தார். அம்மாணவன் அவ்வாண்டே படிப்பை நிறுத்தியிருந்தான். பின்னர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியில் வேலைக்குச் சேர்ந்து வடநாடு சென்றான் என்று கேள்வி.

ஆகவேதான் கூறுகிறோம்: "எல்லாரும் அவர்கள் ஆட்கள்" என்னும் சொல்லில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. எல்லாரும் அவர்கள் ஆட்கள் என்றால் நாம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. சாட்சி சொல்ல வேண்டியதில்லை. தீர்ப்பைப் படிக்க வேண்டியதில்லை. விசாரணை நாளில் கூலியை இழந்து நீதிமன்றம் செல்ல வேண்டியதில்லை. அந்தச் சொல்லால் பயன் பெறுவோர் யார்? அடித்தவர்கள்தாம். புகாரே எழுதப்படாத வழக்கு அவர்களுக்கு முதல் நாளிலேயே கிடைத்த விடுதலையன்றோ?

நீதிமன்றத்தை நம்பலாமா என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம் என்பதே நம் விடை. ஐயுறுங்கள். ஆனால் ஐயத்தை எழுதுங்கள். நாளிட்டு, கையொப்பமிட்டு, ஒப்புகைச் சீட்டுப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

கழகம் செய்யத்தக்கவை

வெள்ளி விழா ஆண்டில் நம் கழகத்திற்கு மூன்று பணிகளை முன்மொழிகிறோம்.

முதலாவது, நூலகத்தில் ஒரு வழக்குப் பதிவேடு. நம் பகுதி மக்கள் தொடர்புடைய ஒவ்வொரு வழக்கின் எண், அடுத்த விசாரணை நாள், சாட்சிகள் எத்தனை பேர் என்பன அதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு விசாரணை நாளிலும் கழகத்தின் சார்பில் இருவர் நீதிமன்றத்தில் சும்மா அமர்ந்திருந்தாலே போதும். பின்னிருக்கையில் நம் ஆட்கள் அமர்ந்திருப்பதைக் காணும் சாட்சியின் நா தடுமாறாது. அன்று நமக்குப் பின்னால் அப்படி இருவர் இருந்திருந்தால் என்று நாம் எண்ணாத நாள் இல்லை.

இரண்டாவது, சட்டக் கல்வி. சேலத்திலும் நாமக்கல்லிலும் அரசு சட்டக் கல்லூரிகள் உள்ளன. நம் பிள்ளைகள் பொறியியலும் செவிலியர் படிப்பும் நாடுவது நன்றே. ஆண்டுக்கு இருவரையேனும் சட்டம் படிக்க வைக்கும் உதவித் தொகையைக் கழகம் ஏற்படுத்த வேண்டும். நம் தமிழகத்தில் ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த அ. வரதராசன் 1980-இல் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். அச்சமூகத்திலிருந்து அவ்விருக்கையில் அமர்ந்த முதல்வர் அவரே. கே. ஜி. பாலகிருஷ்ணனும் பி. ஆர். கவாயும் தலைமை நீதிபதி இருக்கையிலேயே அமர்ந்தனர். நீதிபதி என்ன சாதி என்று கேட்பதோடு நில்லாமல், நம் வீட்டில் எவர் நீதிபதியாவார் என்றும் கேட்போம்.

மூன்றாவது, தீர்ப்பு வாசிப்பு. திங்களுக்கு ஒரு ஞாயிறு, ஒரு தீர்ப்பைத் தமிழில் படித்து விவாதிப்போம். முதல் தீர்ப்பாகக் கோகுல்ராஜ் வழக்கின் உயர் நீதிமன்றத் தீர்ப்பை வைத்துக்கொள்வோம். நமக்கு உவப்பானதை மட்டுமன்றி, அடுத்த திங்கள் உடுமலை வழக்கின் தீர்ப்பையும் படிப்போம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நூலகத்திலிருந்து எழுந்து சென்ற அப்பெரியவரை நாம் அவர் வீட்டில் சென்று கண்டோம். தாள் இன்னும் அவரிடம் உள்ளது. மகனின் மருத்துவமனைச் சீட்டும் உள்ளது. நாட்கள் கடந்துவிட்டன, அது வழக்குக்கு நல்லதன்று, ஆயினும் காலத் தாழ்வின் காரணத்தையும் புகாரிலேயே எழுதலாம். வருகின்ற திங்கட்கிழமை காலை 10 மணிக்கு அவர் காவல் நிலையம் செல்ல இசைந்துள்ளார். நாம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டோம். அன்று வழியில் அவர் மகனைத் தாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்த இளைஞர் ஒருவர் இவ்வரங்கில் இருக்கிறார் என்றும் அறிகிறோம். அவர் பெயரை நாம் கூற மாட்டோம். திங்கட்கிழமை அவர் தாமாகவே வருவாராயின், அவருக்குப் பின்னால் நிற்க நாம் இருக்கிறோம்.